எது முதலில் போகும்?

அம்மிக் குழவி இரண்டாம் முறை இறங்கியபோது இராமதாஸ் தலையைத் திருப்பிக்கொண்டார். காதுக்கு மேல் தோல் கிழிந்து, ரத்தம் சட்டைக் காலரில் வழிந்தது.

"கிட்ட வராத! வந்தே, கொன்னுடுவேன்!" சமையலறை மூலையில் நின்று கத்தினாள் கன்னியம்மாள். மாத்திரை கொடுக்க வந்த கணவரைத்தான் அடித்திருந்தாள்.

காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டு, முத்தியால்பேட்டையிலிருந்து ஆட்டோவில் ரெட்டியார்பாளையம் டாக்டரிடம் வந்து சேர்வதற்குள் அவள் அடங்கிவிட்டாள். "தலையில என்னாங்க கட்டு?" என்று அவரையே கேட்டாள்.

"நான் சொன்னா மருமவ கொடுமைம்பாங்க சார்," என்றாள் ஹேமலதா. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான். "இன்னிக்கு மாமா மண்ட, நாளைக்கு எம்புள்ள மண்ட. எங்கனா ஹோம்ல சேத்துடலாம்."

"அவ எங்கயும் போவ மாட்டா. நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கற லட்சணந்தான் தையலாத் தெரியுதே மாமா!"

இராமதாஸ் மனைவியின் தோளிலிருந்து சரிந்த முந்தானையை எடுத்துவிடக் கையை உயர்த்தினார். அவள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு நாற்காலிக்குள் சுருண்டாள்.

"பாத்தீங்களா சார், இப்படித்தான் திடீர் திடீர்னு," என்றாள் ஹேமலதா.

டாக்டர், ஏற்கெனவே எடுத்திருந்த ஸ்கேனை மேசைமேல் வைத்தார். "இப்போதைக்கு லேசான மறதிதான். ஆனா ஸ்கேனையும் ஞாபக டெஸ்ட்டையும் பாத்தா, ரெண்டு மூணு வருஷத்துல முழு மறதி நோயா மாறும்னுதான் தோணுது."

"எது சார் மொதல்ல போவும்?" என்று கேட்டார் இராமதாஸ்.

"சமீபத்துல நடந்ததுதான் முதல்ல போகும். பழசு அவ்வளவு சீக்கிரம் போகாது. நீங்க ரெண்டு பேரும் வாழ்ந்த அந்தக் காலம், அவங்களுக்கு நேத்து நடந்தது மாதிரியே இருக்கும். அதை நெனச்சு ஆறுதலா இருங்க."

இராமதாஸ் எழுந்து, தன் நாற்காலியை மனைவியிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"மருமவ சொன்ன மாதிரியே ஹோம்ல சேத்துடுங்க சார்."

"என்னா மாமா, இப்பதான முடியாதுன்னீங்க?"

அவர் கன்னியம்மாளைப் பார்க்கவில்லை.

"நான் இவள அடிக்கறத விட்டே நாலு வருஷந்தாம்மா ஆவுது."