போதகருக்கு முதல் வீடு

கட்டி முடித்த முதல் வீட்டின் சாவியைப் போதகர் யாரிடமும் கொடுக்கவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரி கையிலிருந்த கரண்டியைக் கலவைச் சட்டிக்குள் விட்டெறிந்தார்.

பின்னே என்ன? நிலநடுக்கத்தில் ஊர் மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. சர்ச்சும் தப்பவில்லை. ஜனம் மிஷன் கொடுத்த கூடாரங்களில் கிடக்கிறது. சிமெண்ட், கம்பி எல்லாம் மிஷன் அனுப்பியது. யாருக்கு எந்த வீடு என்பது போதகர் பொறுப்பு. இருப்பதிலேயே சின்னக் குழந்தை யாரிடமோ, முதல் வீடு அவர்களுக்கு என்று ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னாலும் சொன்னவரே அவர்தான்.

அந்தச் சின்னக் குழந்தை மேஸ்திரியின் பேரன். கூடாரம் ஒழுகுகிறது. பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை. அதை நினைத்துத்தான் மேஸ்திரி மாங்கு மாங்கென்று உழைத்தார். மிஷன் இன்ஜினியர் சொன்னபடி சுவரைச் சுற்றி இடுப்புக் கச்சை மாதிரி கம்பிப் பட்டை ஓட்டி, மேலே தளம் போட்டு, அதற்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வளர்த்திருந்தார்.

"என்னங்கய்யா, வாக்கு மாறிட்டீங்க?"

"ஆமா மேஸ்திரி. முதல் வீடு எனக்கு இருக்கட்டும். ரெண்டாவது உங்க மகளுக்கு."

"உங்க கூடாரம் ஒழுகுதா?"

"இல்ல."

"வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

போதகரின் பிள்ளைகளெல்லாம் வேலை, கல்யாணம் என்று வெளியூர் போய் வெகுகாலம் ஆகிறது. இருப்பது அவரும் போதகரம்மாவும்தான். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நாளைக்கே குடிபோகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

கல் சுமந்துகொண்டிருந்த சித்தாள் தலைச்சுமையை இறக்கினாள். "மேய்ப்பரே முதல்ல கொட்டகைக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டா ஆடுங்க எங்கண்ணே போகும்?"

சிரிப்பு எழுந்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை.

கூடாரத்துக்குப் போய்ப் பொரிந்து தள்ளினார். மகள் குழந்தையைத் தட்டிக்கொண்டே, நிமிராமல், "விடுப்பா" என்றாள். அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. விடுப்பாவாம். இப்படி வாயில்லாப் பூச்சியைப் பெற்றதற்குத் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

வேலையை விட்டுவிட்டுப் போகலாம்தான். அடுத்த வீடு மகளுடையதாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு அஸ்திவாரம் தோண்டினார். வழியில் போதகர் தோத்திரம் சொன்னால், மேஸ்திரி மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு பேசிக்கொண்டிருப்பார். ஆராதனைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். எல்லாரும் ஜெபிக்கும்போது இவர் கல் உடைக்கும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் உடைத்தார்.

இரண்டாவது வீட்டுத் தளம் இறுகிவந்த சமயம், ஒரு மத்தியானம் மறுபடி பூமி குலுங்கியது.

ஜனம் அலறிக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடியது. மிச்சம் நின்றிருந்த பழைய சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. புழுதி அடங்கிய பிறகு பார்த்தால், எல்லாரும் இருக்கிறார்கள். போதகரையும் போதகரம்மாவையும் மட்டும் காணோம்.

மேஸ்திரி ஓடினார். கோபமெல்லாம் எங்கே போனதோ. போன நிலநடுக்கத்தில் மகள் வீட்டுக் கூரை விழுந்தது அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. அதுவும் அவர் கையால் போட்ட கூரைதான்.

கதவைத் தள்ளினார்.

உள்ளே இருவரும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். போதகரம்மா புருஷனின் கையை இறுகப் பிடித்திருந்தார். போதகர் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் குரல் மட்டும் தெருக்கோடி வரை கேட்டது.

"ஒரு கீறல்கூட இல்ல மேஸ்திரி. வந்து பாருங்க. எல்லாரையும் வரச்சொல்லுங்க."

எல்லாரும் வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், மூலையில் தோள் கொடுத்து முட்டிப் பார்த்தார்கள். கிளம்பும்போது ஒருவர் பாக்கியில்லாமல் மேஸ்திரியைச் சூழ்ந்துகொண்டு, எங்கள் வீடு எப்போது முடியும் என்று பிடுங்கி எடுத்தார்கள். மனிதருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், வழிவிடுங்கள், வேலை கிடக்கிறது என்று அதட்டினார்.

தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த பலகைகளைப் பிரித்ததும் மகள் குடிவந்தாள். பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். அது இருமவில்லை. கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கியது. மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து, தான் போட்ட தளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நிம்மதிதான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"அந்த மனுஷன் மட்டும் குறுக்க புகுந்து பிடுங்கிக்காம இருந்தா, பிள்ளை எப்பவோ இப்படித் தூங்கியிருக்கும்."

"அவரைத் திட்டாதப்பா."

"ஏன் திட்டக் கூடாது?"

மகள் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். சரியாக இருந்ததையே திரும்பவும் இழுத்துவிட்டாள்.

"நான்தான்ப்பா அவர்கிட்ட போய் அழுதேன். அன்னைக்கு வீடு எம்மேல விழுந்ததுலேர்ந்து, நீ போட்ட கூரைக்குக் கீழ பிள்ளையைப் படுக்கவைக்கவே பயமா இருக்கு, இதை மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்கன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம், ‘சரிம்மா, முதல்ல நாங்க படுத்துப் பாக்குறோம்’னாரு."