பல்குத்தியும் பச்சை விளக்கும்

இந்தக் கதையின் கடைசியில் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் போகிறீர்கள். ஏமாந்தவர் என் அப்பா சிமியோன். ஆனால் அவசரப்படக் கூடாது. சிரிப்புக்கு முன்னால் வைஃபை பெட்டி வர வேண்டும்.

வந்தது. தங்கை இலிங்காவின் வரப்போகும் ஏழாவது பிறந்தநாளுக்கு அவளுடைய ஞானத்தந்தை இணைப்பும் பெட்டியும் எடுத்துக் கொடுத்தார். கேமரா வைத்த பழைய லேப்டாப் ஒன்றும் கொடுத்தார். பரிசை வேண்டாம் என்று சொல்ல அப்பாவால் முடியவில்லை. முகம் மட்டும் ஊறுகாய் ஜாடிக்குள் விழுந்தவர் மாதிரி ஆகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை பிறந்தநாளுக்கு அம்மாவைத் திரையில பார்க்கலாமா?" என்று இலிங்கா குதித்தாள்.

அம்மா இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். முகம் பார்த்து இரண்டு வருஷம். அந்தக் கிழவி போனில் பேசக்கூட விடமாட்டாளாம். ஞாயிறுதோறும் அப்பா போனுக்குச் செய்தி மட்டும் வரும். அதை இலிங்காவுக்கு அம்மா குரலில் வாசிப்பது என் வேலை. எங்கள் ஊர் உங்கேனியில் நான் பேசாத குரல் கிடையாது. ஜெபத்துக்கு நடுவில் தும்முகிற பாதிரியார், சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிற கீழ்வீட்டு ஸினா அத்தை, எல்லாரும் என் தொண்டையில்தான் குடியிருக்கிறார்கள்.

மாதம் ஒரு பார்சலும் இத்தாலியிலிருந்து சாமான் ஏற்றி வரும் வேனில் வரும்; அப்பா போய்த் தூக்கி வருவார். காபி, சாக்லேட். போன மாதம் எனக்கு ஷூ வந்தது. கனகச்சிதம்! இரண்டு வருஷம் பார்க்காமலே மகனின் கால் அளவு தெரிகிறது என்றால் அவளல்லவா தாய்?

கம்பெனிக்காரர் வந்து சுவரில் கம்பியை இழுத்துவிட்டுப் போனார். மூக்கால் பேசுகிற மனிதர். "நீலக் கம்பி மஞ்சள் ஓட்டையிலங்க, புரியுதுங்களா?" மற்றதை நானே செய்தேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்களைத் தட்டினேன். அப்பாவுக்கு ஜன்னல் காற்று என்றாலே பயம்; அதனால் இணைப்புக்கு 'சிமியோனுக்கு ஆகாத காத்து' என்று பெயர் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. இலிங்கா பெட்டிக்கு முத்தம் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் விளக்கு சிவப்பு. போட்டதெல்லாம் அழிந்திருந்தது.

மறுபடி போட்டேன். மறுபடி அழிந்தது.

மூன்றாம் நாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழிக்கும் பொடித் துளையில் ஒரு பல்குத்தி செருகியிருந்தது!

"என்னப்பா இது?"

"காத்து வருதுடா டோரு அதுல," என்றார் அப்பா, கண்ணைப் பார்க்காமல். "ஜன்னலையும் கதவையும் சேர்த்துத் திறந்து வச்சுத்தான் உங்க மாமாவுக்கு வாய் கோணிப் போச்சு. இந்தச் சனியன் ராப்பகலா வீசுது."

சிரித்து மாளவில்லை. கோபமும் வந்தது. ஒரு மூட மனிதருக்காக என் தங்கை அம்மாவைப் பார்க்காமல் இருப்பதா? அப்பாவை அலற வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை இரண்டாம் பாடத்தோடு பள்ளியிலிருந்து நழுவினேன். ஸினா அத்தை சந்தைக்குப் போயிருந்தார். அவர் வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம் இருக்கும். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து அப்பா மேலே எங்கள் வீட்டில் இருந்தார். அத்தையின் லேண்ட்லைனிலிருந்து, எண் காட்டாத எங்கள் வீட்டுப் பழைய லேண்ட்லைனுக்கு அடித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

இதோ, சிரிப்பு வரப் போகிறது.

"இன்டர்நெட் கம்பெனிங்க. சிமியோன் சாருங்களா? உங்க பெட்டிக்குள்ள யாரோ ஊசி போட்டிருக்கிறதா எங்க திரையில காட்டுதுங்க, புரியுதுங்களா?"

அப்பா எச்சில் விழுங்குவது கேட்டது.

"ஊசி இல்ல சார். பல்குத்தி."

திரைச்சீலையைக் கடித்துக்கொண்டேன். "மத்தியானம் ஆள் அனுப்பறங்க. இனிமே யாரும் அழிக்க முடியாதபடி போட்டுடுவாங்க."

"ஐயோ, வேண்டாம் சார்! பசங்க ஸ்கூலுக்குப் போயிருக்காங்க, அதனால சொல்றேன். உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"ரெண்டுங்க."

"அப்ப புரியும். இவங்க அம்மா இனி வரமாட்டா சார். அங்கயே ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. ரெண்டு வருஷமாச்சு, ஒரு வார்த்தை கிடையாது. ஞாயித்துக்கிழமை வர்ற செய்தி, நான் இன்னொரு சிம்லேர்ந்து அனுப்பறது. பார்சலையும் நானே சந்தையில வாங்கி, வேன் நிக்கிற இடத்திலேர்ந்து வர்ற மாதிரி தூக்கிட்டு வர்றேன்."

நான் குனிந்து ஷூவைப் பார்த்தேன்.

"என் பையன் அந்தச் செய்தியை அவ குரல்லயே படிப்பான் சார். அச்சு அசல் அவளேதான். சின்னது கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கும். நானும் சமையலறையில நின்னு கேப்பேன். திரை வந்துட்டா, முகம் எங்கேம்பாங்க. எங்கே போவேன்?"

கையிலிருந்த திரைச்சீலையை விட்டுவிட்டேன்.

"ஒரு உதவி பண்ணுங்க சார். பெட்டி ரிப்பேர்னு பையன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா சிரிப்பான். கம்பெனிக்காரர் சொன்னா நம்புவான்... சார்? லைன்ல இருக்கீங்களா?"

மூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"இருக்கேங்க. ரிப்பேர்னு சொல்லிடறங்க. நீங்க கவலைப்படாதீங்க... புரியு..."

பாதியில் உடைந்துவிட்டது. மூக்குக் குரல் எங்கோ போய், என் தொண்டையிலிருந்து என் குரலே வெளியே வந்தது.

பிறகு என் தலைக்கு நேர் மேலே நாற்காலி நகர்ந்தது.

போனிலிருந்தும் மேல்தளத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது:

"டோரு?"