அளவுக்கு ஓர் ஆள்

“இன்னும் ரெண்டு அடி இந்தப் பக்கம் வா கில்டோ! உன் தொப்பை தூணை மறைக்குது.”

“தொப்பைய மறைக்கத்தான் தூணையே கட்டியிருக்கான். சீக்கிரம் எடு!”

நொரீனா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையால் புருஷனை விரட்டினாள். இத்தாலியின் விச்சென்சா நகரில், பெரிய சதுக்கத்து மாளிகையின்மேல் காலை வெயில் ஒவ்வொரு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது. கில்டோ நகர்ந்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

கல்யாணமான மறுநாளே அவருக்கு இந்த உத்தியோகம் கிடைத்துவிட்டது. பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் தூண் எவ்வளவு உயரம் என்று தெரியுமாம். அந்த அளவுகோல் அவர்தான். நாற்பத்தோரு வருடமாக, அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ அந்த ஊரில் எழுப்பிய ஒரு மாளிகையையும் நொரீனா விட்டுவைக்கவில்லை. வாசற்படி, மாடம், புகைபோக்கி, புகைபோக்கிமேல் உட்கார்ந்த புறா வரைக்கும் எடுத்தாயிற்று. பதுவாவில் அவர்கள் வீட்டிலிருக்கும் ஆல்பங்களை அடுக்கி ஏறினால் மணிக்கூண்டுக்குச் சாவி கொடுத்துவிட்டு இறங்கலாம். எல்லாப் படத்திலும் ஓரமாக, சுண்டுவிரல் உயரத்தில் கில்டோ.

நொரீனா ஒன்றில்கூட இல்லை. மகள் ப்ரூனாவின் கல்யாணத்தில்கூடப் பெண்ணின் தாய் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றாள். மந்திரம் சொன்ன பாதிரியாரையே, “கொஞ்சம் தள்ளுங்க சாமி, பலிபீடம் மறைக்குது” என்று அதட்டினாள்.

இன்று விடுவதில்லை என்றுதான் கில்டோ ரயில் ஏறியிருந்தார். இவள் முகம் ஒரே ஒரு படத்திலாவது விழுந்தாக வேண்டும்.

“ஃபிலிம்ல எத்தனை மிச்சம்?”

“ஒண்ணே ஒண்ணு. அந்த மூலைத் தூணுக்கு வெச்சிருக்கேன். போய் நில்லு.”

“அது நானூறு வருஷமா அங்கேயேதான் நிக்குது. அடுத்த வாரமும் நிக்கும். இந்தத் தடவை நீ நில்லு நொரீனா.”

“நானா? இந்த மூஞ்சிய யாரு பார்க்கப்போறா?”

“ப்ரூனா கடுதாசில கேட்டிருக்கா.”

“பொய்! இருபது வருஷம் பார்த்தது போதும்னுதானே அவ தூரின்ல மாப்பிள்ளை தேடிக்கிட்டா?”

“சரி, எனக்காக நில்லேன்.”

“உனக்கா? எதிர்ல உக்காந்து சூப்பு ஊத்தும்போதே நிமிர்ந்து பார்க்க மாட்டே. பேப்பர்ல எவன் கோல் போட்டான்னுதான் பார்ப்பே.”

கில்டோ மெல்ல, “அதுக்கும் சேர்த்துத்தான் கேக்கறேன்” என்றார்.

நொரீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பூனைதின்னிகளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.” விச்சென்சாவில் பிறந்தவர்களுக்குப் பதுவாக்காரர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் அது.

“எங்க ஊர்ப் பூனை உங்க ஊர்க் கோழியைவிட ருசிடி!”

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். இவ்வளவு சுலபமாகக் கொடுப்பாள் என்று கில்டோ எதிர்பார்க்கவில்லை. மலைப்பாம்பைக் கையில் வாங்கியவர்போலப் பிடித்துக்கொண்டார்.

“விரலை எடு. கண்ணாடியை மறைக்குது.”

“தெரியும், தெரியும். நீ போய் நில்லு.”

அவள் வளைவுக்குக் கீழே போய் நின்றாள். புதிதாகத் தைத்த நீல உடுப்பு தோளில் தொளதொளத்தது. கேமரா வழியாகப் பார்த்தார் கில்டோ. கட்டடத்தின் மேல்வரிசை வெட்டுப்பட்டது. ஒரு கல் குறைந்தாலும் நொரீனா படத்தைக் கிழித்துப்போட்டுவிடுவாள் என்பது அவருக்குத் தெரியாதா? பின்னால் நடந்தார். இன்னும் நடந்தார். காப்பிக் கடை நாற்காலி ஒன்று உருண்டது. பரிமாறுபவன், “பெரியவரே, என் மேசைமேலயே ஏறிடுங்க!” என்று கத்தினான்.

“எங்க போறே?” நொரீனாவும் அங்கிருந்து கத்தினாள். “பின்னாலயே நடந்து வீடு போய்ச் சேர்ந்துடலாம்னு பார்க்கறியா?”

“கட்டடம் முழுசா விழணும்ல!”

இப்போது கட்டடம் முழுதாக அடங்கிவிட்டது. மேலே வரிசையாக நிற்கும் சிலைகள்கூட. கீழே, வளைவுக்குள், சுண்டுவிரல் உயரத்தில் ஒரு நீலப் புள்ளி. கில்டோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“அசையாதே நொரீனா! அழகா இருக்கு!”

அவள் அசைந்தாள். கூந்தலை ஒதுக்கி, காலரை நிமிர்த்தி, வெயில் முகத்தில் படும்படி வளைவைவிட்டு வெளியே வந்து நின்றாள்.

“கட்டடம் வேண்டாம், கிட்ட வா கில்டோ. கல்லறைக் கல்லுல பதிக்கிற பீங்கான் போட்டோ வில்லையில முகம் மட்டும்தான் அடங்கும்.”

அவளுக்கு மிஞ்சியிருக்கும் நாள் கணக்கை டாக்டர் தன்னிடம் மட்டுமே சொன்னதாக மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருந்த கில்டோ, கேமராவைக் கண்ணைவிட்டு எடுக்காமலே அவளை நோக்கி நடந்தார்.