அட்டையில் இல்லாத வலி

மனிதகுலத்தின் வலியைப் பூண்டோடு ஒழிக்கப் பிறந்த மாமேதை, மருத்துவக் கல்லூரித் தேர்வுக்கு எக்ஸாமினராக எழுந்தருளியிருக்கிறார் என்பதை அகில உலகத்துக்கும் இதனால் அறிவிக்கலாயிற்று. வலி நிவாரணம் பற்றி அவர் எழுதிய புத்தகம் தொள்ளாயிரம் பக்கம். தூக்கினாலே தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

மாணவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. தேர்வறைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவார். அங்கிருந்து அவருக்கு எல்லாம் தெரியும். இங்கிருந்து அவர் தெரியமாட்டார், கடவுளைப் போல.

வாசலில் மணிக்காகக் காத்து நின்றாள் பயிற்சி டாக்டர் ஒருத்தி. இதே தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவள். சப்ளிமெண்டரி எழுதியே தேய்ந்ததால் தோழிகள் வைத்த பெயர் ‘சப்ளி’. முதல் தடவை நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் நோய் விவரம் எழுதிய அட்டையையே பார்த்தாள். அடுத்த தடவை, சாகக் கிடப்பவரிடம் “எல்லாம் சரியாயிடும்” என்றாள். நோயாளிகள் என்னவோ கூலிக்கு நடிக்க வந்தவர்கள்தான். ஃபெயில் மட்டும் நிஜம். இன்றும் போனால் இன்னொரு வருஷம் அம்பேல்.

மணி அடித்தது.

உள்ளே, கட்டிலில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் பளபளக்கும் ஷூவோடு படுத்து முனகிக்கொண்டிருந்தார். அட்டையில் ‘புற்றுநோய், தீராத வயிற்று வலி’ என்றிருந்தது. ஆளோ இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போச்சுடா, மனுஷன் வசனத்தை மறந்துவிட்டார்!

அட்டையா, ஆளா? ஒரு கணம் தவித்தவள், அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்கங்க வலிக்குது?”

“இடுப்பும்மா. உயிர் போகுது.”

“பத்துக்கு எத்தனைன்னு சொல்வீங்க?”

“எட்டு. தும்மினா பன்னெண்டு.”

“மாத்திரை எப்படிச் சாப்பிடறீங்க?”

“தாங்க முடியாதப்போ ஒண்ணு. அதுவும் பாத்ரூம்ல ஒளிஞ்சு. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க, என் பொழப்பு அப்படி.”

“வலி முத்தற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்க. வேளை தவறாம போட்டாத்தான் கட்டுப்படும். இதைக்கூடச் சொல்லாத டாக்டர் யாரு? முதல்ல அவருக்குப் பாடம் எடுக்கணும்!”

“அவர்தாம்மா எல்லாருக்கும் பாடம் எடுக்கறவர்.”

கூலிக்கு மேலேயே நடிக்கிறாரே என்று வியந்தாள் சப்ளி.

“வலி குறைஞ்சா முதல்ல என்ன பண்ண ஆசை?”

அவர் கூரையைப் பார்த்தார். “குனிஞ்சு என் ஷூ லேஸை நானே கட்டணும். மூணு வருஷமா வீட்டுக்காரிதான் கட்டி விடறா.”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. ‘எல்லாம் சரியாயிடும்’ என்பது அவள் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மொத்தமா போயிடும்னு சொல்ல மாட்டேங்க. ஆனா குறைக்க முடியும். லேஸ் வரைக்கும் குனிய வெச்சிடலாம்.”

“இப்படி யாரும் என்னைக் கேட்டதே இல்லம்மா. நான்னா உனக்கு நூத்துக்குத் தொண்ணூறு போடுவேன்.”

“நீங்க போட்டு என்ன பிரயோஜனம்? கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கற மகான் போடணுமே!” குரலைத் தாழ்த்தினாள். “அவருக்கு மட்டும் ஒரு நாள் இடுப்பு பிடிச்சிருந்தா, அந்தத் தொள்ளாயிரம் பக்கத்தைப் பத்தே பக்கத்துல முடிச்சிருப்பாரு.”

மீசைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “ஐயோ, சிரிக்க வைக்காதம்மா! பதினொண்ணு, பதினொண்ணு!”

கதவு படாரென்று திறந்தது. நோயாளி அங்கி மாட்டிய ஒல்லி மனிதர் ஒருவர் மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்தார்.

“மன்னிச்சுக்குங்க எக்ஸாமினர் சார், பஸ் லேட்டு. கொஞ்சம் எழுந்திருங்க, அது என் கட்டில்.”