முப்பத்தாறு அங்குலக் கதவு

"அப்பா, இது வீடா, ஆஸ்பத்திரியா?"

மகன் கேட்டான். பெரியவர் கையிலிருந்த துண்டுச் சீட்டை மறுபடியும் இன்டீரியர் டிசைனரிடம் நீட்டினார்.

"இதுல இருக்கிறபடியே பண்ணிடும்மா."

முன்கூடத்தை ஒட்டிய குளியலறையைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று வாரமாக அவள் வந்து வந்து போகிறாள். கறுப்பு டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு, பேசினுக்குக் கீழே மர அலமாரி என்று மகன் படம் படமாக அனுப்புவான். பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் தன் சீட்டுக்கே வருவார்.

கதவு முப்பத்தாறு அங்குலம். படி கூடாது. பேசினுக்குக் கீழே எதுவும் கூடாது. கண்ணாடி தாழ்வாக இருக்கவேண்டும். டாய்லெட் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி, அதுவும் இடது பக்கம்.

"உங்க ரூம்லயே ஒரு பாத்ரூம் இருக்கு. கம்பியை அங்க போட்டுக்குங்க. நாலு பேர் வந்து போற இடத்துல எதுக்குப்பா?"

"எனக்கு இங்கதான் வேணும்."

"காலைல அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறீங்க. மாடிப்படியை ரெண்டு ரெண்டா ஏறுறீங்க. உங்களுக்குக் கம்பியா?"

அடுப்படியிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "மாமாவோட முழங்கால் இருக்கிற உறுதிக்கு, நமக்குத்தாங்க முதல்ல கம்பி தேவைப்படும்."

"சிரிக்கிற விஷயமில்ல" என்றான் மகன். டிசைனர் பக்கம் திரும்பினான். "அம்மா போன பிறகுகூட நல்லாத்தான் மேடம் இருந்தார். இந்த ஒரு வருஷமாத்தான் இப்படி. சாயங்காலம் ஆனா வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கிறார். கூப்பிட்டாக்கூடக் காதுல விழறதில்ல. டாக்டர், உடம்புல ஒண்ணுமில்லைங்கிறார். எங்கயாவது விழுந்துடுவோம்னு மனசுல பயம் பிடிச்சுக்கிச்சு."

"ஆமாப்பா, பயம்தான்" என்றார் பெரியவர்.

"சீட்டுல இருக்கிறபடிதான்னா இந்த வேலையே வேணாம். பழையபடியே கிடக்கட்டும். மேடம், எதுவா இருந்தாலும் மத்தியானம் போன்ல சொல்லுங்க, முடிவு பண்ணிடலாம்."

மகன் ஆபீசுக்குக் கிளம்பிப் போனான்.

டிசைனருக்கும் உள்ளூர எரிச்சல்தான். இருந்தாலும் ஆளை அளக்காமல் அவள் எந்தக் குளியலறைக்கும் படம் வரைந்ததில்லை. ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"உட்காருங்க சார். கையை நீட்டுங்க."

டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். சீட்டிலிருந்த ஒரு எண்கூட அவர் உடம்போடு ஒட்டவில்லை. எழுந்து நின்றால் கண்ணாடியில் அவர் வயிறுதான் தெரியும். கம்பி அவருக்கு அரையடி தாழ்வு.

"எல்லாமே தப்பா அளந்திருக்கீங்க சார். நீங்க வலது கைப் பழக்கம்தானே, கம்பி எதுக்கு இடது பக்கம்? இருங்க, நான் திருத்திடறேன்."

பென்சிலை எடுப்பதற்குள் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார் பெரியவர்.

"ஒரு நூல்கூட மாறக் கூடாது."

"அப்படின்னா இது உங்க அளவே இல்ல. யாரோடது சார்?"

பெரியவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குளியலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"முப்பத்தஞ்சு வருஷம் எனக்கு எதிர் நாற்காலில உட்கார்ந்து வேலை பார்த்தவன். ரிட்டயர் ஆன பிறகும் தினம் நாலரைக்கு வந்துடுவான். செஸ் ஆடுவோம். தோத்துட்டா வீட்டுக்கே போகமாட்டான், இன்னொரு ஆட்டம்பான். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. இப்போ வீல்சேர்தான்."

"இங்க வர்றதில்லையா?"

"ரெண்டே தடவை வந்தான். காப்பி வேணாம்னான், தண்ணிகூட வேணாம்னான். அரை மணி நேரத்துல கிளம்பிட்டான். என்மேல ஏதோ கோபம்னு நினைச்சேன். அவன் போனப்புறம் இந்தக் கதவைப் பார்த்தேன். இதுல அவன் நாற்காலி நுழையாது. இப்போ கூப்பிட்டா 'நாளைக்கு வர்றேன்'கிறான். பதினோரு மாசமா அதே நாளைக்குதான்."

"நீங்க அங்க போகலாமே சார்?"

"போறேன், வாராவாரம். அங்க அவன் நோயாளி, நான் பார்க்க வந்தவன். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போய் உட்கார்ந்துட்டு வர்றேன். இங்க வந்தாத்தாம்மா என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவான்." சீட்டை மடிப்புக் கலையாமல் நீவினார். "அவன் தூங்கிட்டிருந்தப்போ நாற்காலி, கம்பி, கண்ணாடி எல்லாத்தையும் அங்க அளந்துட்டு வந்ததுதான் இது."

அவள் பென்சிலைப் பைக்குள் போட்டாள்.

"இதை உங்க மகன்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே சரின்னிருப்பாரே."

"சரின்னுடுவான், தங்கமான பையன். ஆனா என் சினேகிதன் உள்ள வந்ததும் வராததுமா, 'அங்கிள், உங்களுக்காகவே இடிச்சுக் கட்டினோம்'னு ஆசையா சொல்லிடுவான். அதோட அவன் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டான். எனக்கு வயசாகிப் போட்டுக்கிட்டதா இருந்தாத்தான் கூசாம உள்ள போவான்."

மத்தியானம் மகனே போன் செய்தான்.

"என்ன மேடம், விட்டுக்கொடுத்தாரா? நீங்க சொல்றதுதான் முடிவு. அதெல்லாம் நிஜமாவே அவருக்குத் தேவையா?"

"நானே நல்லா அளந்து பார்த்துட்டேன் சார்" என்றாள் அவள். "அது இல்லாம உங்க அப்பாவால முடியாது."