கூடுதலாக நான்கு விநாடி

அவள் இந்த முறை ஒழுங்காக வெட்டவில்லை. வேண்டுமென்றேதான்.

மேனேஜர் கேட்டது பதினான்கு வீடியோத் துண்டுகள். பதினான்கும் இசக்கிராஜாவின் தவறுகள். எதிரணியின் பந்து வளையத்துக்குள் விழுந்ததும் துண்டு முடிந்துவிட வேண்டும். மூன்று வருடமாக இந்தக் கூடைப்பந்து அணிக்கு அப்படித்தான் வெட்டிக் கொடுக்கிறாள்.

இன்று ஒவ்வொன்றிலும் நான்கு விநாடி மிச்சம் வைத்திருந்தாள்.

திரை ஓடியது.

பன்னிரண்டு ஆட்டம், பதினொரு தோல்வி. அடுத்த வருடம் யார் இருப்பது, யார் போவது என்று இன்று முடிவாகும். முதல் பெயரே அவனுடையது. அணியின் சென்டர். ஆறடி பத்து அங்குலம்.

“பனைமரம் மாதிரி வளர்ந்தா போதுமா?” என்றார் மேனேஜர்.

“இருபது வயசுதான் சார் ஆகுது.” கோச் பெனடிக்ட்டின் குரலில் வலுவில்லை.

“ஓடுற பாம்பை மிதிக்கிற வயசு. இவன் பந்தையே மிதிக்கிறான்.”

அந்த நேரம் பார்த்து, திரையில் நிஜமாகவே மிதித்தான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குனிந்துகொண்டாள்.

மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. அவனுக்கு ஷூ கேட்டு கோச் எழுதிய தாள். பதினைந்தாம் நம்பர் இந்த ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும். சீசன் முடிய இருப்பதோ மூன்று வாரம்.

போகிறவனுக்கு எதற்கு ஷூ என்று மேனேஜர் அதன்மேல் டீ டம்ளரை வைத்திருந்தார்.

ஐந்தாவது துண்டு. எதிரணி ஆள் அவனைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தைப் போட்டான்.

திரை நிற்கவில்லை.

ஆறாவதும் அப்படியே.

“ஏம்மா, சரியா வெட்டலையா?” மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார்.

அபிப்பிராயம் சொல்வது அவள் வேலையில்லை என்று சேர்ந்த முதல் மாதமே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் இதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

“வெட்டல சார். மறுபடி போடறேன். கடைசி நாலு விநாடியை மட்டும் பாருங்க.”

பந்து விழுகிறது. நான்கு பேர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். ஒருவன் நடுவரைப் பார்க்கிறான். ஒருவன் அண்ணாந்து ஸ்கோரைப் பார்க்கிறான்.

இசக்கிராஜா நடுக்கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறான்.

வலது ஷூவின் பக்கவாட்டு கிழிந்து, வெள்ளை டேப் சுற்றியிருக்கிறது. அந்தப் பக்கம் போய், வளையத்தின் அடியில் தனியாக நின்று, கையை உயர்த்துகிறான். அவனைத் தடுக்க ஒருத்தருமில்லை.

பந்து வரவில்லை.

அடுத்ததிலும் ஓடுகிறான். அதற்கடுத்ததிலும். கடைசித் துண்டில் அணி முப்பத்தோரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. அப்போதும் ஓடுகிறான். அப்போதும் கை உயர்கிறது.

பதினான்கு முறை.

மேனேஜர் திரையிலிருந்து கோச்சின் பக்கம் திரும்பினார்.

“ஏன்யா, யாருமே ஏன் பந்தைக் குடுக்கல?”

கோச் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவன் அங்க நிக்கறான்னு யாரும் பாக்கல சார். நானும் பாக்கல.”

மேனேஜர் டம்ளரை எடுத்தார். தாளில் வட்டமாக டீக்கறை.

“ஷூ வர எத்தனை வாரம்னு சொன்னீங்க?”

“ஆறு சார்.”

சீசன் எப்போது முடிகிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. சுவரில் அவரே மாட்டிய அட்டவணைதான்.

பேனாவைத் திறந்தார். ‘ஒரு ஜோடி’ என்று இருந்ததில் ‘ஒரு’ என்பதை அடித்தார். பக்கத்தில் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.