ஆடாது, அசையாது

புது ஜீப்பைப் பட்டறையில் நிறுத்திவிட்டு, ஒரு சாக்குப்பையோடு இறங்கினாள் அவள்.

"தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு மாட்டணும்ணே. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல, கைக்கு எட்டுற மாதிரி."

"போன தடவை மாதிரி ரெண்டு கிலோ பவுடர்தானே? மாட்டிடலாம்மா," என்றார் மெக்கானிக். "பழைய ஜீப்புக்கும் நான்தானே மாட்டினேன்! காடு மேடுன்னு அந்தக் குலுக்கு குலுக்குனீங்களே, ஆடிச்சா?"

"இம்மிகூட ஆடலண்ணே."

"பட்டையைச் சுத்தி நாலு போல்ட்டுல்ல! வேற எவன் இப்படி மாட்டுவான்?" பெருமையாகச் சொன்னாலும் அவர் கண் சாக்கிலேயே இருந்தது. "ஆமா, அந்த வண்டி நல்லாத்தானே ஓடிச்சு, ஏன் மாத்துனீங்க? பையில என்னம்மா?"

அவள் சாக்கைக் கவிழ்த்தாள். கரிக்கட்டையாகக் கருகிய சிலிண்டர் ஒன்று, வண்டியிலிருந்து அறுத்தெடுத்த தகட்டுத் துண்டோடு விழுந்தது. பட்டையும் நாலு போல்ட்டும் இன்னும் அதை விடவில்லை.

அவர் குனிந்து பிடுங்கிப் பார்த்தார். அசையவில்லை.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லாம இது வராதும்மா."

"தெரியும்ணே. இன்ஜின் பத்திக்கிட்டப்ப நாங்களும் அதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."